அலமாரிகிட்ட நிக்கிற டீச்சர்

கட்டைக் கோபுரம் மறுபடியும் சரிந்தபோது ஐந்து வயது லாராஸ் அழவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற கரகரத்த குரலில், "நில்லு. எங்க தப்பாச்சு?" என்று தன்னையே கேட்டாள். பிறகு சொந்தக் குரலில், "அடிக்கட்டை கோணல்" என்றாள்.

"அப்ப என்ன பண்ணப் போற?" என்றது கரகரப்பு.

வெனிங் டீச்சர் பயந்துபோனாள். பந்துல் ஊர்ப் பாலர் பள்ளியில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. சுற்றிப் பார்த்தாள். படம் வரைகிற பையன், செருப்பு மாட்டுகிற சிறுமி, எல்லோருக்கும் அதே குரல்.

"யாரு உங்களுக்கு இப்படிப் பேசக் கத்துக்கொடுத்தா?"

"அலமாரிகிட்ட நிக்கிற டீச்சர்" என்றாள் லாராஸ்.

அங்கே யாருமில்லை.

"இப்ப நிக்கிறாங்களா?"

"இல்லையே. நீங்கதான் இங்க வந்துட்டீங்களே!"

மறுநாளே வெனிங் அலமாரியை வராந்தாவுக்கு நகர்த்தினாள். சாமான் எடுக்க அங்குமிங்கும் அவள் அலைந்த அலைச்சலில், பக்கத்து வகுப்புக்கும் குரல் தொற்றிக்கொண்டது.

"யாரும் வாயத் தொறக்கக் கூடாது!" என்று அதட்டினாள்.

அது இன்னும் மோசம். வகுப்பு முழுக்க உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. கோபுரங்கள் மட்டும் விழாமல் உயர்ந்துகொண்டே போயின.

கடைசியில் மந்திரம் தெரிந்த கார்சோ ஐயாவை வரவழைத்தாள். அவர் பூவிதழ் மிதந்த நீரை மூலைமூலையாகத் தெளித்தார். லாராஸ் அவர் பின்னாலேயே போனாள்.

"பேய் போயிடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?" கரகரத்தது குரல்.

"அது... தானா தெரியும் பாப்பா."

"போகலன்னா வேற என்ன வழி வச்சிருக்கீங்க?"

கார்சோ ஐயா கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

வெனிங்குக்கு விட்டால் போதும் என்றாகிவிட்டது. வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஊர் போய்ச் சேரலாம். ஸ்கூட்டர் சாவியைக் காணோம். பையைக் கவிழ்த்துப் போட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். அறையில் வேறு யாருமில்லை. காதருகே அதே கரகரப்பு எழுந்தது.

"நில்லு. கடைசியா எங்க வச்ச?"

அலறியடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பெருக்கிக்கொண்டிருந்த தூமி நிமிர்ந்தாள்.

"தூமி அக்கா, அந்தக் குரல்... உங்களுக்கும் கேட்டுச்சா?"

"கேக்காம என்ன டீச்சர்? சேர்ந்த நாள்லேருந்து எதைத் தேடினாலும் நீங்க உங்ககூடவே அப்படித்தானே பேசிக்கிறீங்க!"