உதடு படாமல் ஒயின்

நான் இதுவரை ஒரே ஒரு முறைதான் ஒயின் குடித்திருக்கிறேன். அதிலும் பாதி மூக்கு வழியாகத் திரும்பி வந்துவிட்டது. மீதிப் பாதிக்காக என் அம்மா பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. இத்தனைக்கும் சிதம்பரத்தில் எம்.பி.ஏ. படித்தபோது நான் எழுதிய ப்ராஜெக்ட், 'சர்வதேச ஒயின் வணிகத்தில் போட்டியும் உத்தியும்'. தொண்ணூறு பக்கம், ஸ்பைரல் பைண்டிங், அட்டையில் திராட்சைக் கொத்து. (அந்தக் கொத்து மட்டும்தான் என் சொந்தச் சிந்தனை. மற்றதெல்லாம் இணையம் போட்ட பிச்சை.)

தலைப்பை நான் கேட்டு வாங்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். என் நண்பன் ரமேஷுக்கு சிமெண்ட் விழுந்தது, எனக்கு ஒயின். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக்குள் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லவே முடியாது. அட்டையைப் பார்த்து அம்மா கேட்டபோது, திராட்சை விவசாயம் என்று சொல்லிவைத்தேன்.

காரணம் சேகர் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. குடித்தே செத்தார். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, கடைசி ஒரு வருஷம் எங்கள் கூடத்தில்தான் கிடந்தார். அம்மாதான் வாரிக் கொட்டினாள், துடைத்தாள், ஊட்டினாள். போகும்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. கருமாதி முடிந்த அன்று அம்மா ஒரு தட்டில் கற்பூரத்தை ஏற்றி என் முன்னால் நீட்டினாள்.

"அடிச்சி சொல்லு. இந்தச் சனியன் என் உதட்டுல படாதுன்னு சொல்லு."

அடித்துச் சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு வெகுகாலம் அந்த வீட்டில் அம்மா சிரித்து நான் பார்க்கவில்லை.

படிப்பு முடிந்து ஒரு வருஷம் வேலையில்லாமல் கிடந்தேன். அப்போது புதுச்சேரியில் பிரான்சு ஒயினை இறக்குமதி செய்யும் கம்பெனி ஒன்று விற்பனைக்கு ஒரே ஒரு ஆளைத் தேடியது. நேர்முகத் தேர்வு சிதம்பரத்தில், பார் வைத்திருந்த ஒரு ஓட்டலின் மாடியில். அம்மாவிடம் ஜூஸ் கம்பெனி என்றேன். நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினாள்.

கடைசிச் சுற்றுக்கு மிஞ்சியது இரண்டு பேர். நானும், அந்த சிமெண்ட் ரமேஷும்.

எதிரே, பால் நிறக் கோட்டு போட்ட பிரான்சுக்காரர். எங்கள் இருவரையும் ஒன்றாகவே உட்காரவைத்து, முதலில் என்னைப் பார்த்து, உலகச் சந்தையில் பிரான்சு ஒயினின் நிலைமை என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். தொண்ணூறு பக்கத்தையும் அவிழ்த்துவிட்டேன். "நீங்கள் பாட்டிலில் ஊர் பேரையும் தோட்டத்துப் பேரையும் போடுகிறீர்கள். அதைப் படிக்கத் தெரிந்தவன் உங்கள் ஊரில்தான் இருக்கிறான். ஆஸ்திரேலியாக்காரன் என்ன திராட்சை என்று பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு மிருகத்தை வரைந்து, கடை அலமாரியைப் பிடித்துக்கொண்டான். சிலிக்காரன் விலையை இறக்கி மிச்சத்தைப் பிடித்துக்கொண்டான். நீங்கள் பெருமையை விற்கிறீர்கள், அவர்கள் சரக்கை விற்கிறார்கள்."

மனிதர் முகம் சுளித்தார். பிறகு தலையாட்டினார். இங்கே என்ன செய்யலாம் என்று கேட்டார்.

"வஞ்சிரம் வறுவலுக்கு இது, இறால் தொக்குக்கு இது என்று பாட்டிலிலேயே எழுதுங்கள்."

அவர் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார். வேலை எனக்குத்தான் என்று அந்த நிமிஷம் முடிவு செய்துவிட்டேன். மனசுக்குள் ரமேஷுக்கு ஆறுதல்கூட சொல்லியாகிவிட்டது.

அப்போது ஆளுக்கு மூன்று கண்ணாடிக் கோப்பைகளும், துப்புவதற்கு ஒரு வாளியும் வந்தன.

இதை எதிர்பார்த்து நான் உத்தி வகுத்து வைத்திருந்தேன். ஒயினைச் சுவைப்பவர்கள் விழுங்கமாட்டார்கள், வாயில் வைத்துத் துப்பிவிடுவார்கள். ஆக, தொண்டைக்குள் போகாது. இனி உதடு ஒன்றுதான் பிரச்சினை. அதற்குத்தான் நம் வீடுகளில் நாலு வயசிலிருந்தே பயிற்சி கொடுக்கிறார்களே. எச்சில் படாமல் அண்ணாந்து குடிப்பது. உதட்டில் படாது, சத்தியமும் கெடாது, வேலையும் கிடைக்கும். ஒரு வாரம் வீட்டுப் பின்கட்டில் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்துப் பழகியிருந்தேன். (படித்த முட்டாளுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.)

கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கினேன். பிரான்சுக்காரர், என்னவோ தமிழர் மரபு என்று நினைத்து மரியாதையாக எழுந்து நின்றார்.

டம்ளருக்கு வெளியே மடிந்த விளிம்பு உண்டு, தண்ணீர் நூல் பிடித்து இறங்கும். அந்தக் கோப்பையின் வாயோ உள்பக்கமாக வளைந்தது. சாய்த்தேன், வரவில்லை. இன்னும் சாய்த்தேன், வரவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்ததும் மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கியது. அண்ணாந்த தொண்டைக்கு வாயில் நிறுத்தி வைக்கவெல்லாம் தெரியாது. கொஞ்சம் உள்ளே போனது, புரையேறியது, மூக்கு வழியாக வந்தது, மிச்சம் என் வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பாக. இருமிய இருமலில் அந்தப் பால் நிறக் கோட்டு பாழாய்ப் போனது. வாளியில் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறேன், ரமேஷ் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அமைதியாகப் பேசுகிறான். அவனுக்கு ஊர் அண்ணாகிராமம், பலாத்தோப்புக்காரன். "சார், எனக்குக் குடிக்கிற பழக்கம் கெடையாது. மோந்து பாத்து சொல்லட்டா?"

சொன்னான். முதல் கோப்பை நேற்று அறுத்த பழம், இரண்டாவது மரத்திலேயே வெடித்த பழம், மூன்றாவது மழையில் நனைந்த மரக்கட்டை. பிரான்சுக்காரர் கோட்டைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். குடிக்கமாட்டேன் என்று நிஜத்தைச் சொன்னாலே போதுமாக இருந்திருக்கிறது. அது என் தொண்ணூறு பக்கத்தில் எங்கேயும் இல்லை.

கடலூர் பஸ்ஸில் கண்டக்டர் பதறிப்போய், "அடி கிடி பட்டுச்சா தம்பி?" என்று கிட்ட வந்தார். கிட்ட வந்ததும் முகம் மாறி, "பின்னாடி போய் குந்து," என்றார்.

வீட்டில் கதவைத் திறந்த அம்மா சட்டையைப் பார்த்தாள். ரத்தம் என்று நினைத்துவிட்டாள். "எங்கடா பட்டுச்சு, எங்கடா?" என்று நெஞ்சு, வயிறு, விலா எல்லாம் தடவித் தேடினாள். நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் வாடை அடிக்கும். தேடிய கை சட்டென்று நின்றது. கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய், மாமாவின் படத்துக்குக் கீழே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். ரத்தமாகவே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அதிலிருந்து பேச்சில்லை. நான் சொல்ல வந்ததைக் கேட்கவும் இல்லை. வேளா வேளைக்குச் சோறு வந்தது. சோற்றை வைத்துவிட்டு, சிறு வயசில் பல் தேய்த்தேனா என்று பார்த்த மாதிரி என் வாயருகே குனிந்து மோந்து பார்த்துவிட்டுப் போவாள். திட்டியிருந்தால் தேவலை.

பன்னிரண்டாம் நாள் ரமேஷ் வேலை கிடைத்ததற்கு இனிப்பு கொண்டுவந்தான். அம்மா வாங்கி வைத்துவிட்டு அவனிடம் கேட்டாள்.

"ஜூஸ் கம்பெனி என்னா கம்பெனின்னு எனக்குத் தெரியும்பா. இவன் குடிச்சானா இல்லியா, அத மட்டும் சொல்லு."

"குடிக்கத் தெரிஞ்சாதான அத்த குடிப்பான்? உதட்டுல படக்கூடாதுன்னு அண்ணாந்து ஊத்துனான். பாதி மூக்குல வந்துச்சு, மீதி அந்தாளு கோட்டுல."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "உதட்டுல படக்கூடாதுன்னா?"

தலையாட்டினேன்.

அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "எப்புடி ஊத்துன? காட்டு."

காட்டினேன். பயத்தில் தண்ணீருக்கே புரையேறியது. அம்மா என் உச்சந்தலையைத் தட்டத் தட்ட, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, அழுகையாக மாறியது. "என் தம்பிக்கு மொத நாளே இப்புடிப் பொரையேறித் தொலைச்சிருக்கக் கூடாதா," என்றாள்.

ரமேஷ் இப்போது அந்தக் கம்பெனியில் மேனேஜர். இன்னும் ஒரு சொட்டு குடித்ததில்லை. நான் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கிறேன். வீடு வீடாகப் போய் அந்தத் தண்ணீரைக் குடித்துக் காட்ட வேண்டும். உதட்டில் வைத்தேதான் குடிக்கிறேன்.

சாப்பிடும்போது எனக்குப் புரையேறினால் வீட்டில் யாரும் பதறுவதில்லை. "பிரான்சுக்காரன் நெனைக்கிறான்," என்று என் மனைவி தொடங்குவாள், ரமேஷ் இருந்தால் அவனும் சேர்ந்துகொள்வான், வந்த விருந்தாளிக்கு முழுக்கதையும் சொல்லப்படும். அம்மாவும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே வந்து என் தலையைத் தட்டுவாள். ஒருவருக்கும் கேட்காதபடி என்னிடம் மட்டும் சொல்வாள்:

"அவன் இல்லடா. மாமா நெனைக்கிறான்."