அம்புக்குறியார் வாசலில் வரைந்த என் கோபம்

போன வைகாசி இருபதாம் தேதி, காலை ஆறேமுக்கால், கடல்காற்று எட்டிப்பார்க்காத புழுக்கம். கடலூரில் வாய்ச்சண்டைக்காரர்கள் அத்தனை பேரும் அஞ்சும் ஒரே மனிதர், கையில் சாக்பீஸுடன் என் வாசலில் நின்றார்.

எங்கள் பேட்டையான செம்மண்டலத்தில் அவரை அம்புக்குறியார் என்றால்தான் தெரியும். கோர்ட்டு வாசலில் மனு டைப் அடிப்பவர். எங்கே வாதம் நடந்தாலும் அழைக்காமலே வருவார். முடிவை ஒரு கட்டத்தில் எழுதி, காரணங்களை அதன் கீழே கட்டங்களாக்கி, அம்பு போட்டு இணைப்பார். நிற்காத காரணத்துக்குப் புள்ளி அம்பு. டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னால் சீட்டின் பின்புறம் வரைந்து, "இந்தக் கட்டத்துக்குக் கீழ ஒண்ணுமில்லையே டாக்டர்" என்பார். திருப்பாதிரிப்புலியூர் ஜோசியர் ஒருவர் இவர் தலையைக் கண்டாலே கடையைச் சாத்திவிடுவார்.

என் வழக்கு பெரியது. சிதம்பரத்தில் தங்கை மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். முதல் பத்திரிகையைத் தாம்பூலத்தட்டில் வைத்து, தங்கையும் அவள் கணவரும் ஜோடியாக வந்து கொடுத்திருக்க வேண்டும். கூரியரில் வந்தது. போகமாட்டேன் என்றுவிட்டேன். மாமன் மாலை இல்லாமலே பெண் மணமேடை ஏறட்டும்.

"காரணத்த சொல்லுங்க சார், எழுதிடுவோம்."

பதினொன்று சொன்னேன். வாசல் நிறைந்துவிட்டது. கோலமாவுடன் வந்த என் மனைவி, "நான் எங்க கோலம் போடறது? அவரு முதுகுலயா?" என்றாள்.

அம்புக்குறியார் பத்துக்குப் புள்ளி அம்பு போட்டார். "முழங்கால் வலிங்கிறீங்க. போன வாரம் பண்ருட்டியிலேருந்து முழு பலாப்பழத்த தோள்ல தூக்கியாந்தீங்களே?"

மிஞ்சியது ஒன்றுதான்: நேரில் வந்து அழைக்கவில்லை.

"வரலன்னு யாரு சொன்னா?" என்றார்.

"யாரு சொல்லணும்? வரல."

"அன்னிக்குத்தான் வந்தாங்க," என்றாள் மனைவி. "நீங்க பலாப்பழத்துக்குப் போயிட்டீங்க, நான் கோயிலுக்குப் போயிட்டேன். தட்டும் கையுமா வந்து பூட்டப் பாத்துட்டுப் போயி, அப்புறந்தான் கூரியர்ல அனுப்பியிருக்காங்க. உங்க தங்கச்சி போன்ல ஒரே அழுவ."

"ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தப்பல்லாம் நீங்க காரணம் எண்ணிக்கிட்டு இருந்தீங்க."

'போகமாட்டேன்' என்ற மேல் கட்டம் கீழே தாங்க ஆளில்லாமல் தொங்கியது. அம்புக்குறியார் அதைத் துண்டால் துடைத்துவிட்டு டீ கேட்டார்.

சிதம்பரத்தில் நான் மாலை எடுத்துக் கொடுத்தபோது, பந்தியில் அவர் பாயசம் ஏன் நீர்த்தது என்று வாழையிலையில் அம்பு வரைந்து சமையல்காரரை மடக்கிக்கொண்டிருந்தார்.

புடவை, மாலை, வேன் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு நாற்பத்தோராயிரத்து இருநூறு. திரும்பும் வழியில் அவருக்கு வாங்கிக்கொடுத்த கலர் சாக்பீஸ் டப்பாவின் அறுபது ரூபாயை மட்டும் இதில் நான் கூட்டவில்லை.