நான் மறைத்த பன்னிரண்டு வருஷம்

இல்லாததைச் சொல்லி வேலை வாங்கியவர்களைப் பார்த்திருப்பீர்கள். நான் இருப்பதை மறைத்து வேலை கேட்டவள்.

பெங்களூரில் ஒரு நிறுவனத்தின் டேட்டா சயின்ஸ் பிரிவுக்குத் தலைவியாக இருந்தேன். ஆட்குறைப்பில் வேலை போனதும், போடியில் கணவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பதவியெல்லாம் வேண்டாம், உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிற வேலை போதும் என்று விண்ணப்பித்தால், எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்: "உங்கள் தகுதி இதற்கு ரொம்ப அதிகம்." (பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு நாசூக்காகத் தட்டிக்கழித்ததில்லை.)

"அப்பக் கொறைச்சிரு," என்றார் ஏலக்காய் வியாபாரியான என் கணவர். "கேக்குற ரகத்தைத்தானே சாம்பிள்ல காட்டணும்?"

குறைத்தேன். முனைவர் பட்டம் போச்சு. தலைவி பதவி போச்சு. பதினேழு வருஷ அனுபவம் ஐந்தாகிவிட்டது. ஒரு பக்கமாகச் சுருங்கிய ரெஸ்யூமைப் பார்த்து எனக்கே பரிதாபமாக இருந்தது. உடனே நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்!

வீடியோவில் வந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். இரண்டு பட்டியலை இணைத்துக் காட்டச் சொன்னாள். சின்ன வேலைதான். ஆனால் ஆறு வருஷமாக நான் புரோகிராம் எழுதியதில்லை; எழுதியவர்களிடம் "எப்ப முடியும்?" என்று கேட்டதோடு சரி. நாலு வரி எழுதினேன். ஐந்து பிழை.

அந்த நேரம் பார்த்து மாமனார் கதவைத் திறந்தார். பின்னாலேயே மலை எஸ்டேட்டிலிருந்து வந்த முருகாயி அக்கா. மருமகள் டாக்டர் என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். என்ன டாக்டர் என்று மட்டும் சொல்லவில்லை.

"டாக்டரம்மா, முட்டி வலி உசுரு போகுது. வெரசா ஒரு ஊசியப் போட்டு விடுங்க, ஜீப்பு கெளம்பிரும்!"

"ஒஞ் சோலி கெடக்கட்டும் ஆத்தா, மொதல்ல அவளப் பாரு," என்றார் மாமனார்.

திரையில் அந்தப் பெண் கண்ணை அகல விரித்தாள். "மேடம், நீங்க டாக்டரா?"

"அந்த டாக்டர் இல்லைங்க..." என்று ஆரம்பித்து, பட்டம், பதவி, பன்னிரண்டு வருஷம் என எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரமானது.

"அதிகமா இருக்குன்னு நீங்க பயந்தீங்க. இந்த நாலு வரியைப் பாத்தா எனக்குப் பத்தாதேன்னுதான் கவலை," என்றாள். "சமீபத்துல உங்க கையால செஞ்சது எதையாவது முதல் பக்கத்துல போடுங்க மேடம். மத்ததை ஒளிக்க வேண்டாம்."

அந்த வேலை கிடைக்கவில்லை. மூன்று மாதம் கணவரின் ஏலக்காய் ஏல விலைகளை வைத்துப் புரோகிராம் எழுதி மறுபடி கைப்பழக்கம் பிடித்தேன்; அந்தப் புரோகிராமை ரெஸ்யூமில் முதலில் போட்டு, வேறு இடத்தில் சேர்ந்தேன்.

எஸ்டேட் ஜீப்பில் வருகிறவர்களிடம் முருகாயி அக்கா இன்றைக்கும் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறது: "நம்ம டாக்டரம்மா. ஒரு ஊசி போடத் தெரியாது, பாவம். ஏதோ கம்ப்யூட்டர்ல சோலி பாத்துப் பொழைச்சுக்கிருது."