வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்பது பற்றி

ராயபுரம், திருப்பூர்.
செவ்வாய்க்கிழமை, காலை.

மரியாதைக்குரிய சம்பந்தி தண்டாயுதபாணி அவர்களுக்கு, மயில்சாமி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் சம்சாரம் பழனாத்தாளும் முருகன் தயவில் உயிரோடு இருக்கிறோம். நலமா என்று கேட்டால் அதற்குப் பதில் கொஞ்சம் நீளம், கீழே வருகிறது. தாராபுரத்தில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை தீனதயாளனும் எங்கள் யாழினியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சின்ன எருமை கன்று போட்டுவிட்டதா என்று பழனாத்தாள் கேட்கச் சொன்னாள். அதாவது நேற்று, அவள் என்னோடு பேசிக்கொண்டிருந்தபோது.

விஷயத்துக்கு வருகிறேன். வளைகாப்பு நல்லபடியாக முடிந்து, யாழினியைப் பிரசவத்துக்கு இங்கே கொண்டுவந்து விட வருகிற வெள்ளிக்கிழமை நாள் குறித்திருக்கிறோம். தாங்களே காரில் அழைத்து வருவதாகப் பெரிய மனசோடு சொன்னீர்கள். அந்த வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். சொன்னேன். சனிக்கிழமை நான் பேசும்போது சந்து முனையில் பாறை உடைக்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் "வர வேண்டாமுங்க" என்றேன். சம்பந்தியம்மா "கண்டிப்பா வர்றோமுங்க, இதுக்குப் போயி கூப்பிடோணுமா" என்று வைத்துவிட்டார்கள். மறுபடி கூப்பிட்டுக் கத்தினேன். "செரிங்க, அப்ப ரெண்டு கார்ல வர்றோம்" என்றார்கள். மூன்றாம் தடவை கூப்பிட்டால் பஸ் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து காகிதத்தை எடுத்துவிட்டேன்.

எங்கள் சந்துக்குப் பாதாளச் சாக்கடைக் குழாய் பதிக்கிறார்கள். பதினெட்டு நாள் முன்பு, வேலையை மேற்பார்க்கிற அருள்குமார் என்கிற தம்பி வீடு வீடாக வந்து, "ரெண்டே நாளுங்க சார், கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றார். அந்தப் பணிவைப் பார்த்து நான் மோர் கொடுத்தேன். அவர் மோரைக் குடித்துவிட்டு எங்கள் வாசற்படியை ஒட்டி ஐந்தடி ஆழத்துக்குத் தோண்டினார். குழாய் வந்தது, இறக்கினார்கள், சேர்த்தார்கள், இனி மண்ணைத் தள்ளுவார்கள் என்று நாங்களும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தள்ளவில்லை. கேட்டால், "குழாய் வந்துருச்சுங்க சார், ஆள் எறங்கற தொட்டிக்கு மூடி வரலீங்க. மூடி வெக்காம மண்ணு போட முடியாதுங்க" என்கிறார். மூடி எங்கே தம்பி என்றால், "வந்துட்டே இருக்குதுங்க" என்கிறார். எந்த ஊரிலிருந்து நடந்து வருகிறதோ தெரியவில்லை.

குழியின் குறுக்கே போக வர ஒரு பலகை போட்டார்கள். அதில் பழனாத்தாள் பால் பாத்திரத்தோடு தரையில் நடப்பதுபோல நடந்து போய் வந்தாள். நான் ஐந்தாம் நாள் விழுந்தேன். விழுந்தது அவ்வளவு வலிக்கவில்லை. மேலே நின்றுகொண்டு, "ஏனுங்க, பாத்து நடக்கக் கூடாதுங்களா" என்று அவள் கேட்டதுதான் வலித்தது. குழிக்குள் இருப்பவனிடம் கேட்கிற கேள்வியா அது. சந்தே கூடி என்னைத் தூக்கி வெளியே வைத்தது. முழங்கால் வீங்கி மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நொய்யல் எங்களுக்கு இரண்டு தெரு கீழேதான் ஓடுகிறது. அதில் தண்ணீர் ஏறினால் எங்கள் பக்கம் தோண்டிய இடத்திலெல்லாம் ஊறும். குழி வாய்க்காலாயிற்று. ஒரு கொக்கு வந்து எங்கள் வாசலில் நின்றது. நான் அதைப் பார்க்க, அது என்னைப் பார்க்க, இரண்டு நாள் போனது. பிறகு ஒரு காலையில் பலகையைக் காணோம். அடுத்த சந்தில் தோண்டுவதால் அங்கே தேவைப்பட்டதாம். என் மொபெட் உள்ளே நிற்கிறது. தினமும் காலையில் அதை ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அணைத்துவிடுகிறேன்.

இனி வெளியே போக ஒரே வழிதான். எங்கள் கொல்லைப்புறத்தில் இடுப்பளவு சுவர். அந்தப் பக்கம் ராபின் வீடு. அதன் முன்வாசல் அடுத்த தெருவில் திறக்கிறது, அங்கே குழி இல்லை. ராபின் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். ஹாலில் ஆறு தையல் மிஷின் போட்டு, வீரபாண்டியில் ஒரு கம்பெனிக்கு பனியன் தைத்துக் கொடுக்கிறார். அவருக்கும் எனக்கும் யாழினி கல்யாணத்திலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. நான் பத்திரிகை வைத்தேன், அவர் வரவில்லை, அவ்வளவுதான் காரணம். இரண்டு வருஷமாக எதிரெதிரே வந்தால் நான் மொபெட்டின் பெட்ரோல் முள்ளைப் பார்ப்பேன், அவர் செல்போனைப் பார்ப்பார். எனக்கு மாத்திரை தீர்ந்து, மருந்துக் கடைக்குப் போயே ஆக வேண்டிய அன்று பழனாத்தாள், "செவுரேறிப் போங்க" என்றாள். "செத்தாலும் அந்த ஊட்டுக்குள்ள கால் வெக்க மாட்டேன்" என்றேன். "செத்தாலும் அந்த ஊட்டு வழியாத்தானுங்க கொண்டுபோகோணும்" என்றாள். யோசித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கம் முக்காலி போட்டு ஏறினேன். இறங்குவதற்குக் காலை நீட்டினால், அந்தப் பக்கமும் ஒரு முக்காலி இருக்கிறது. இரண்டு வருஷ வெயிலிலும் மழையிலும் நிறம் போய், பாதம் பட்டுப் பட்டு நடுவில் வழுவழுவென்று ஆகியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். பழனாத்தாள் ஏற்கெனவே காய்ந்துபோன துணியை மறுபடி உதறிக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆக, ஆண்பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேரும் வைராக்கியமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த இரண்டு வருஷமும் இந்தச் சுவர் வழியாகக் குழம்பு போவதும் வருவதுமாக இருந்திருக்கிறது. "உன் கைப்பக்குவம் வர வர நல்லா வருது" என்று நான் பாராட்டிச் சாப்பிட்ட மாங்காய் ஊறுகாய், ராபின் சம்சாரம் ஜெபராணி போட்டதாம். அந்தப் பாராட்டையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு எப்படித்தான் சும்மா இருந்தாளோ.

ராபின் ஹாலில் நான் நுழைந்தபோது அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பாத்து வாங்க அண்ணாச்சி, வயர் கெடக்கு" என்றார். நான் தலையைக் கூட ஆட்டாமல், சுவரைப் பார்த்துக்கொண்டே மிஷின்களுக்கு நடுவே போய் மாத்திரை வாங்கி வந்தேன். அன்றைக்கு நாலு தடவை, மறுநாள் ஆறு தடவை. மூன்றாம் நாள்தான் மாட்டிக்கொண்டேன். தைத்த பனியன்கள் வழியில் குவிந்து கிடந்தன. மூன்றாவது மிஷினுக்குக் கீழே கிடந்த ஒன்று காலில் தட்டியது, எடுத்தேன். சம்பந்திக்குத் தெரியும், நான் பனியன் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் செக்கிங் பார்த்தவன். என் கை என்னைக் கேட்காமலே கழுத்துத் தையலை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டது. தையலை ஒட்டிப் பொடிப்பொடியாக ஓட்டை. ஊசி முனை மழுங்கினால் அப்படித்தான் துணி இழையை வெட்டும். தைக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, இரண்டு தடவை துவைத்தால் கழுத்து தனியாக வந்துவிடும். பேசாமல் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். வாசல் வரைக்கும் போகவும் போனேன். பிறகு திரும்பி வந்து, "தம்பி, மூணாவது மிஷின்ல ஊசிய மாத்துங்க" என்றேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை இது.

ஆறு மிஷினும் நின்றுவிட்டன. ராபின் பனியனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "சாயங்காலம் லோடு அண்ணாச்சி. இப்படியே போயிருந்தா நாளைக்கு எனக்கு வேலையே இருக்காது. எத்தன பீசு இப்படி இருக்கும்" என்றார். தெரியாது, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்றேன். யார் பார்ப்பது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஜெபராணி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து டியூப் லைட்டுக்குக் கீழே போட்டது. மதிய மாத்திரையையும் மறந்து சாயங்காலம் நாலு மணி வரை உட்கார்ந்து பார்த்தேன். முன்னூறு பனியனைத் தனியே எடுத்துப் போட்டோம். மறுநாள் அந்த நாற்காலி அங்கேயே இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. ரிட்டையர் ஆகி எட்டு மாதம், இனி ஒரு தையலையும் பார்ப்பதில்லை என்று வீட்டுக்கு வந்தவன் நான். இப்போது காலை எட்டரைக்குச் சுவர் ஏறுகிறேன், ஐந்தரைக்கு இறங்குகிறேன், இன்று மட்டும் இந்தக் கடிதத்துக்காக லீவு.

நேற்று டீ குடிக்கும்போது ராபின் கேட்டார். "அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா. கல்யாணப் பத்திரிகைய ஏன் கேட்டுல சொருகிட்டுப் போனீய."

"ஊடு பூட்டியிருந்துச்சுங்க தம்பி."

"மறுநா தொறந்துதான கெடந்துச்சு."

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "முகூர்த்தத்தன்னைக்கு நானும் அவளும் புதுத்துணி உடுத்திட்டு இந்த ஹால்லதான் உக்காந்திருந்தோம். ஒரு ஆளு எட்டிப் பாத்து வாங்கன்னு சொன்னாப் போதும், போயிரலாம்னு இருந்தோம். பத்து மணி வரைக்கும் பாத்தோம். பெறவு துணிய மாத்திட்டு மிஷினப் போட்டுட்டோம்."

சம்பந்தி, அந்த நேரத்தில் நான் மண்டப வாசலில் தங்கள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரன் வரவில்லையே என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு நடை போய்க் கூப்பிட வேண்டும் என்று தோன்றவே இல்லை. "தப்பு என்னோடதுதானுங்க தம்பி" என்றேன். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவனுக்கு இதைச் சொல்ல நாக்குப் புரளவில்லை, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவர் "டீ ஆறுது அண்ணாச்சி" என்றார்.

இதெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், எங்கள் வீட்டுக்கு வருகிற வழி இப்போது இதுதான். நான் ஏறினாலே மூச்சு வாங்குகிற சுவரில் வயிற்றுப்பிள்ளைக்காரியை எப்படி ஏற்றுவது. திடீரென்று வலி எடுத்தால் ஆம்புலன்ஸ் சந்து முனையோடு நின்றுவிடும். அவளுக்கென்று அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் போய் அந்த அறையைத்தான் பார்க்கிறேன். பெற்ற மகளை வராதே என்று எழுதுவது எனக்கு மட்டும் ஆசையா. பிரசவச் செலவுக்கும் அலைச்சலுக்கும் பயந்து நாள் கடத்துகிறோம் என்று தங்கள் பக்கத்துச் சனம் யாரும் நினைத்துவிடக் கூடாது. தொட்டி மூடி வந்து, மண் போட்டு, மேலே நான் நடந்து பார்த்து, விழாமல் இருந்தால், அன்றைக்கே வந்து அழைத்துக்கொள்கிறேன். அதுவரைக்கும் யாழினியைத் தங்களிடமே வைத்துக்கொள்ள வேண்டும். பழனாத்தாள் இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்ததிலிருந்து என்னோடு பேசவில்லை. தட்டு வைக்கிற சத்தத்தைக் கேட்டுத்தான் சாப்பாடு ஆயிற்று என்று தெரிந்துகொள்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எல்லா நலமும் வர வேண்டும் என்று சிவன்மலை முருகனை வேண்டிக்கொள்கிறேன். தாங்கள் எப்போதாவது அந்த வழியாகப் போனால் மூடிக்காகவும் ஒரு கும்பிடு போட்டு வரவும்.

தங்கள் அன்பு மறவாத,
மயில்சாமி

பின்குறிப்பு: மதியம் இரண்டு மணி. மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடவும்.

உறையை ஒட்டப் பசை கேட்டு ராபின் வீட்டுக்குப் போனேன். அங்கே யாழினி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் தங்கள் மகன். ஸ்கேன் எடுக்கத் திருப்பூர் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தார்களாமே, ஸ்கேன் எடுத்துவிட்டார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறதாம், அதில் பொய் இல்லை. முடித்துவிட்டு, அம்மாவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பின்தெரு வழியாக வந்து இறங்கியிருக்கிறாள். இந்த வழி உனக்கு யார் சொன்னது என்றேன். "ஜெபராணி அக்கா தெனமும் போன் பண்ணுவாங்கப்பா" என்றாள். எனக்கு முன்னாலேயே பழனாத்தாள் அங்கே உட்கார்ந்து மகளுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு பத்து நாள் மாமா ஊட்டுலயே இருந்துட்டு வா கண்ணு" என்றேன்.

"இனி நான் எங்கியும் போகலீங்கப்பா."

"செவுரேற முடியாதே சாமி."

"யாரு ஏறப் போறா. குழி மூடற வரைக்கும் இங்கியே இருந்துக்கறேன்" என்றாள். ஜெபராணி உள்ளறையை ஒழித்து, கூட்டித் துடைத்து, பாய் கூட விரித்து வைத்துவிட்டது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், நான் ராபினைப் பார்த்தேன், ராபின் டியூப் லைட்டைப் பார்த்தார். எங்கள் மூன்று பேரையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை எல்லோரும் அவசியம் வரவும். வர வேண்டிய வீடு ராபின் வீடு. பின்தெருவில் பச்சைக் கதவு. இதைத் தங்களிடம் எப்படிச் சொல்வது என்று மாப்பிள்ளை முழிப்பதால் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

யாழினி சாப்பிட்ட கையோடு, உள்ளறை வரைக்கும் போகக்கூட முடியாமல், ஹாலில் துணிக்கட்டுமேல் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். ராபின் ஆறு மிஷினையும் நிறுத்திவிட்டு, தைக்கிறவர்களைத் தெருவில் வேப்பமர நிழலுக்கு அனுப்பிவிட்டார். நாளைக்கு லோடு போக வேண்டும். வெள்ளிக்கிழமை வரும்போது அவளுடைய தலையணையை மறக்காமல் எடுத்து வரவும். அது இல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கமே வராது என்று மாப்பிள்ளை சொல்கிறார். பார்த்தால் அப்படித் தெரியவில்லை.