பாலாமணிக்குச் சொல்ல வேண்டிய வால்நட்சத்திரம்

இன்னிக்கும் மூடுபனி. நல்லசாமி குன்னூர்ல அவரு ஊட்டு வாசல்ல நின்னு வானத்தத் திட்டிட்டு இருந்தாரு.

"ஒரு நா ஒதுங்கி நின்னா கொறஞ்சா போயிருவ?"

மக சுகந்தி வெளிய வந்தா. "ஆரைங்ப்பா திட்டறீங்க?"

"இந்தப் பனியத்தான். பாரு, ஒண்ணுந் தெரியல."

சுகந்தி மேல பாத்தா. அப்புறம் அப்பா மூஞ்சியப் பாத்தா.

"ஆமாங்ப்பா. பனிதான்."

அவரு தேடுனது லெம்மன் வால்நட்சத்திரம். அமெரிக்காவுல ஒரு மலை மேல இருந்து கண்டுபிடிச்சாங்களாம். பொழுது எறங்குனதும் மேக்கால தெரியும், இப்ப உட்டா இனி ஆயிரம் வருஷம் கழிச்சுத்தான் வரும்னு செய்தி. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துட்டு அவரு சம்சாரம் பாலாமணிதான் அதைப் படிச்சுக் காட்டுனா.

"ஏனுங்க, அவங்க மலையில தெரியறது நம்ம மலையில தெரியாதா? நான் இருந்தா ரெண்டு பேரும் பாக்கலாம். இல்லீன்னா நீங்க பாத்துட்டு வந்து எம் படத்துக்கு முன்னால நின்னு சொல்லோணும். சும்மா 'நல்லா இருந்துச்சு'ன்னு ஏமாத்தக் கூடாது. கலரு, வாலு எல்லாஞ் சொல்லோணும்."

அவ போயி இன்னும் மாசம் ஆகல.

"மொட்டை மாடிக்குப் போனா பனி கீழ நின்னுக்கும்"னு நல்லசாமி ஏறுனாரு. ரோஜாத் தொட்டி ரெண்டு உருண்டுச்சு. மாடியிலயும் பனி.

பக்கத்து ஊட்டு தரணிதரன் குருவி பாக்கற பைனாகுலரக் குடுத்தாரு. நல்லசாமி கண்ணுல வெச்சாரு.

"இதுக்குள்ளயும் பூந்துருச்சுங்க!"

வேட்டியில தொடச்சாரு. போகல. ஃபேக்டரியில ஃபிட்டரா இருந்தவரு, சும்மா இருப்பாரா? பைனாகுலரோட லென்ஸக் கழட்டுனாரு. அது கைநழுவி கீழ சாக்கடைக்குள்ள போயிருச்சு.

தரணிதரன் பல்லக் கடிச்சுட்டு, "பரவால்லீங்க"ன்னாரு.

"சுகந்தி, ஸ்கூட்டர் சாவியக் குடு. கோத்தகிரி ரோட்டுல மேல ஏறிரலாம்."

"நான் ஓட்டறனுங்ப்பா. நீங்க பின்னால உக்காருங்க."

"எனக்கே ரோடு காட்டறயா?"

அவ சாவியக் குடுக்கல. வளைவுல ஒரு டீக்கடைகிட்ட நிறுத்துனா. நல்லசாமி மூக்குக் கண்ணாடியத் தொடச்சாரு, கண்ணத் தொடச்சாரு, மறுபடியும் கண்ணாடியத் தொடச்சாரு.

"இங்க ஊட்ட விட மோசம்."

"கொஞ்சம் வெலகுதுங்ப்பா. அதா, மரத்துக்கு மேல. பச்சையா, பஞ்சாட்டம். வாலு லேசா மேல போவுது. அம்மாகிட்ட இதையே சொல்லுங்ப்பா."

"நீ பாத்ததை நான் சொன்னா அவ கண்டுபிடிச்சிருவா. நீ குட்டை, அதான் உனக்குத் தெரியுது. தணிவா இருந்து பாக்கோணும் போல."

குனிஞ்சாரு. உக்காந்தாரு. கடைசியில ரோட்டோரம் துண்ட விரிச்சு மல்லாக்கப் படுத்துட்டாரு.

"பாலாமணி, கொஞ்சம் பொறுத்துக்க. வெலகிரும்"னு வானத்தப் பாத்துச் சொன்னாரு.

சுகந்தி அந்தப் பக்கம் திரும்பி மூக்க உறிஞ்சுனா. அம்மா நெனப்புல அழுவறான்னு அவருக்குத் தோணுச்சு.

டீக்கடை நெல்சன் ஓடி வந்தாரு. "என்னாச்சுங்ண்ணா, கீழ உழுந்துட்டீங்களா?"

"இல்லீங்க. பனி வெலகட்டும்னு படுத்திருக்கறன்."

சுகந்தி வேண்டாம்னு கை காட்டுனா. நெல்சன் அதைக் கவனிக்கல.

"பனியா? இந்த வாரம் பூரா இங்க பனியே எறங்கலீங்களேண்ணா!"