இரண்டு மின் இணைப்பு உள்ள வீடு

நேர்மை நல்ல குணம்தான். ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் ஒருவருக்கு அது அளவுக்கு மீறி இருந்தால், அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நிற்பது நல்லது. எனக்கு அந்த வருடம் நேர்மை முற்றிப் போயிருந்தது. ஸ்டாஃப் ரூமில் யாராவது வடை நீட்டினால்கூட, 'எதற்காகத் தருகிறார்?' என்று யோசித்துவிட்டுத்தான் எடுப்பேன். (எடுக்காமல் விட்டதில்லை, அது வேறு விஷயம்.)

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணிதத் துறைக்குப் புதிதாக வந்திருந்தேன். அப்போது அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டது. வசதியுள்ளவர்கள் சிலர் வருமானச் சான்றிதழைக் குறைத்து வாங்கி, ஏழைப் பிள்ளைகளின் உதவித்தொகையைத் தட்டிக்கொண்டு போகிறார்களாம். ஆகவே விண்ணப்பித்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு ஆசிரியர் நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். கல்லூரியின் தரத்தையும் இந்தக் கோப்புகளையும் பார்வையிட மேலிடத்துக் குழு ஒன்றும் வரும். யாரை அனுப்பலாம் என்று பிரின்சிபால் கேட்டு முடிப்பதற்குள் என் கை மேலே போயிருந்தது.

ஃபாரத்தில் வரிசை எண் அச்சிட்டிருந்தது. அடித்தல் திருத்தல் கூடாது. வீடு, வாகனம், மின்சாதனங்கள் என்று கட்டம் கட்டமாகப் போய், கடைசியில் 'பரிந்துரைக்கப்படுகிறது', 'பரிந்துரைக்கப்படவில்லை' என்று இரண்டு கட்டங்கள். அதைக் கையில் வாங்கியதும் எனக்கு நாலு அங்குலம் உயரம் கூடியது. அன்னவாசலில் ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். "ட்யூட்டில இருக்கேன்" என்றேன். அந்த அம்மா பயந்துபோய் மோரோடு உள்ளே போனவர், நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

கடைசியாக மிஞ்சியது கோட்டைப்பட்டினத்தில் நஸ்ரின் வீடு. என் வகுப்புப் பெண்தான், இரண்டாம் வருடம். அவளுடைய அத்தா மற்றவர் விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். உதவித்தொகை வந்தால்தான் படிப்பு, இல்லாவிட்டால் அறந்தாங்கி ஜவுளிக்கடையில் வேலைக்குப் பேசி வைத்திருக்கிறார்கள் என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தாள். மறுநாள் காலை குழு வருகிறது. அன்றைக்குள் எழுதி முடித்தாக வேண்டும்.

சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பதுதான் உண்மையான சோதனை என்பது என் கொள்கை. ஆகவே இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கி, நேராக டீக்கடைக்குப் போய், "நான் காலேஜ்ல இருந்து வாரேன். ஸ்காலர்ஷிப் விசாரணை. நஸ்ரின் வீடு எது?" என்று கேட்டேன். (இதுதான் என் ரகசிய நடவடிக்கை.)

"அடடே, டீச்சரா! இந்த வெயில்ல எங்கிட்டு நடப்பீங்க? இங்கிட்டு ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. வீட்ல ஆளு இருக்கான்னு ஒரு போன் போட்டுர்றேன்" என்றார் கடைக்காரர்.

உட்கார்ந்தேன். சர்பத் நீட்டினார், மறுத்தேன். இருபது நிமிஷம் ஆயிற்று. மூன்று போன் போட்டார். ஒரு வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று பார்க்க எதற்கு மூன்று போன் என்று கேட்கும் அறிவு எனக்கு அன்றைக்கு இல்லை.

நஸ்ரின் வீடு வெளியிலிருந்து பார்க்கச் சின்ன ஓட்டு வீடுதான். உள்ளே போனதும் அசந்துவிட்டேன். நடு அறையில் குஷன் வைத்த சுழல் நாற்காலி. காலடியில் வெல்வெட் கம்பளம். கண்ணாடி டீப்பாய், மேலே வெளிநாட்டு பிஸ்கட் டின். மூலையில் ஆளுயரத்துக்கு ஏர்கூலர். அதன் வயர் ஜன்னல் வழியாக வெளியே போய்ப் பக்கத்துச் சுவர் தாண்டி மறைந்தது. ஆகா, மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்தேன். 'இரண்டு மின் இணைப்பு உள்ளது' என்று எழுதினேன்.

"மேம், அது வந்து..." என்றாள் நஸ்ரின்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா."

நஸ்ரினின் அம்மா ஜைனம்பு அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்து நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மீன் குழம்பு வாசனை வந்தது. மோரை வென்ற என் நேர்மை அங்கே படுத்துவிட்டது. (சாப்பிடும்போது கூடுதல் தகவல் கிடைக்கும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.) தகவலும் கிடைத்தது. தட்டில் 'ரஹீமா' என்று பெயர் வெட்டியிருந்தது. டம்ளரில் 'மும்தாஜ்'. குழம்புக் கிண்ணத்தில் 'பாத்துமுத்து'. ரேஷன் கார்டில் இந்தப் பெயர்களே இல்லை! 'குடும்ப உறுப்பினர்கள் மறைக்கப்பட்டிருக்கலாம்' என்று இடது கையால் குறித்துக்கொண்டேன். வலது கையில் மீன் இருந்தது.

கை கழுவிவிட்டு, 'வசதியான குடும்பம். பரிந்துரைக்கப்படவில்லை' என்று அழுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கம்பீரமாக விடைபெற்றேன். பஸ் வரும் நேரத்தில்தான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. ஃபைலை டீப்பாய் மேலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

திரும்ப ஓடினேன். தெருவில் பாதி தூரத்தில் நான் உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலி சக்கரத்தில் கடகடவென்று உருண்டு எதிரே வந்தது. பின்னால் ஒரு பெண்மணி தள்ளிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் நாற்காலியை மறைக்கப் பார்த்தார். சுழல் நாற்காலியை முந்தானையால் மறைக்க முடியாது. அவருக்குப் பின்னால் இரண்டு பேர் ஏர்கூலரைத் தூக்கி வந்தார்கள். இன்னொருவர் கம்பளத்தைச் சுருட்டித் தோளில் வைத்திருந்தார்.

"டீச்சர், பஸ்ஸு போயிருச்சா?" என்றார் கம்பளக்காரர், ஒன்றும் நடக்காதது போல.

வீட்டுக்குள் ஒன்றுமே இல்லை. ஒரு பாய், ஒரு தகரப் பெட்டி, சுவரோரம் அடுக்கிய புத்தகங்கள். வெறும் சிமென்ட் தரையில் நஸ்ரின் உட்கார்ந்திருந்தாள். மடியில் என் ஃபைல் திறந்து கிடந்தது. அவள் அழவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"பிள்ளை படிச்சுச் சொல்லுச்சு டீச்சர்" என்றார் ஜைனம்பு. "ஒங்க மேல தப்பில்ல. பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுக்குறவுக மொதத் தடவை வாராக, வெறுந்தரையில எப்படி உக்கார வைக்கிறது? தெருவுல ஆளுக்கு ஒண்ணாக் கொண்டாந்து வச்சாக. கூலருக்குக் கரண்டு பக்கத்து வீட்டு லாத்தா குடுத்தது. இது இப்படிப் போய் முடியும்னு நாங்க என்னத்தைக் கண்டோம்?"

எனக்கு அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். கடைசியில் அந்த அம்மாதான் என் முதுகைத் தடவிச் சமாதானம் சொன்னார். விசாரணை அதிகாரிக்கு வந்த கதி அது.

கல்லூரிக்குப் போய், "சார், இந்த ஃபாரத்தைக் கிழிச்சிட்டு வேற எழுதிடறேன்" என்றேன். பிரின்சிபால் தலையில் கை வைத்துக்கொண்டார். "நம்பர் போட்ட ஃபாரம்மா! நாளைக்கு அவங்க எண்ணிப் பாப்பாங்க. இதைக் கிழிச்சா அப்புறம் என்னைத்தான் கிழிப்பாங்க. நீயே அவங்ககிட்ட சொல்லிக்க." ஜைனம்புவுக்குப் போன் செய்து, குழு சாட்சி கேட்கலாம் என்றேன். "பாத்துக்கிருவோம் டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் குழுவின் தலைவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என் ஃபாரத்தைப் படித்தார். நான் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மீன் குழம்பையும் சொன்னேன்.

"அந்தப் பொருளெல்லாம் மத்தவங்களோடதுன்னு என்ன ஆதாரம்?" என்றார்.

வாசலில் ஹார்ன் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் மீன் ஏற்றும் லோடு வண்டி. அதில் ஜைனம்பு, நஸ்ரின், கூடவே பாதித் தெரு. நடுவே ஏர்கூலர்.

கல்லூரியின் தரத்தைப் பார்க்க வந்த குழுவுக்கு முன்னால் சுழல் நாற்காலி உருண்டு வந்தது. கம்பளம் விரிந்தது. "இது என்னோடதுங்க, மவன் துபாயில இருந்து கொண்டாந்தான்." "கூலரு எங்களுதுங்கய்யா, பில்லு இருக்கு." ஒரு பெரியம்மா கிண்ணத்தைக் குழுத் தலைவர் கண்ணுக்கு நேரே நீட்டி, "பாத்துமுத்துன்னு போட்டுருக்கா? நான்தான் பாத்துமுத்து" என்று ஆதார் கார்டையும் காட்டினார். தலைவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்கிக் கையெழுத்து வாங்கினார். பிறகு சிவப்பு மையில் என் ஃபாரத்தின் குறுக்கே 'ரத்து' என்று எழுதி, புது ஃபாரத்தைத் தானே நிரப்பினார். கடைசிக் கட்டத்தில் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று டிக் அடித்த பிறகுதான் நஸ்ரின் அழுதாள்.

"ஏம்மா," என்றார் தலைவர் என்னிடம், "அடுத்த தடவை விசாரணைக்குப் போனா, மொதல்ல வீட்டைப் பாருங்க. அப்புறம் டீக்கடையில உக்காருங்க."

எல்லோரும் கிளம்பும்போது ஜைனம்பு மட்டும் தயங்கி நின்றார். ரத்தான ஃபாரத்தின் ஜெராக்ஸ் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். எதற்கு என்றேன்.

"எனக்குக் கலியாணமாகி இருபத்திரெண்டு வருசம் டீச்சர். எங்களை வசதியான குடும்பம்னு யாரும் எழுதினதில்ல."

எடுத்துக் கொடுத்தேன். ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது. நஸ்ரின் இப்போது திருச்சியில் வேலை பார்க்கிறாள். போன மாதம் அவளைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் தயங்கித் தயங்கிக் குடும்ப நிலவரம் விசாரித்திருக்கிறார்கள். ஜைனம்பு எழுந்து போய், லேமினேட் செய்து வைத்திருந்த அந்தக் காகிதத்தை எடுத்து வந்து, "நாங்க சொன்னா நம்ப மாட்டீங்க. கவர்மெண்டே எழுதிக் குடுத்திருக்கு பாருங்க" என்று நீட்டினாராம். சிவப்பு மை ஜெராக்ஸில் மங்கலாகத்தான் விழுந்திருக்கிறது. கீழே என் கையெழுத்து மட்டும் பளிச்சென்று இருப்பதால், அது பொய் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.