மம்மூத்தின் பின்னங்கால்கள்

அன்புக்கும் அச்சத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நான் நலம். அத்தானும் நலமே என்பதை, உன் கோபம் அறிந்தும் தெரிவித்துக்கொள்கிறேன்.

நீ வீட்டுப் பூட்டை மாற்றுவதற்குள் அவரைக் கூட்டிவந்துவிட வேண்டும் என்று அவர் வேஷம் கட்டப் போயிருந்த அந்த ஆதிவிலங்கு ரசிகர் மாநாட்டுக்குப் போனேன். வாசலில் வால் வைத்த ஒரு பெண், "நீங்க எந்தக் காலம்?" என்றாள். "நாற்பத்தாறு வயசு" என்றேன். அவரவர் விலங்கு வாழ்ந்த காலப்படிதான் அங்கே உட்கார வேண்டுமாம். தெரியாமல் டைனோசர் வரிசையில் டீக்கு நின்றுவிட்டேன். முன்னால் நின்றவர், மற்ற நாட்களில் பல் டாக்டராம், திரும்பி, "அம்மா, உங்களுக்கும் எங்களுக்கும் ஆறரைக் கோடி வருஷம் இடைவெளி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். மனுஷியும் பனிக்கால மம்மூத்தும் ஒரே காலம்தான் என்று கடைசியில் முடிவாகி, சடை யானைகள் மேசைக்கு அனுப்பினார்கள். அங்கே உன் வீட்டுக்காரர் இரண்டு ஆள் நுழையும் மம்மூத் வேஷத்தின் முன்பாதியாக, தும்பிக்கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்பாதிக்காரருக்கு முதுகுப் பிடிப்பு. ஊர்வலத்துக்கு ஐந்தே நிமிடம். "வீட்டுக்கு வாங்க அத்தான், அக்கா கொதிச்சுப்போயிருக்கா" என்றேன். "ஒரே ஒரு சுத்து பின்னால வாம்மா. அப்புறம் நீ சொல்றதைக் கேக்குறேன்" என்றார். நுழைந்துவிட்டேன்.

உள்ளே இருட்டு, அக்கா. கம்பளி வாசனை. வெளிச் சத்தமெல்லாம் தண்ணிக்கு அந்தப் பக்கம் கேக்குற மாதிரி இருந்தது. அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு என் வழக்கமான வேகத்தில் நடந்தேன். "மெதுவா வா. நமக்கென்ன அவசரம்? நம்ம இனம்தான் எப்பவோ அழிஞ்சுபோச்சே" என்றார். முப்பது வருஷமா ஸ்டேஷன்ல ரயில் நேரம் அறிவிக்கிற மனுஷன் சொல்றார்! எனக்கு என்னமோ ஆயிடுச்சு. யாரும் மிதிக்காத பனியில, போய்ச் சேர இடமே இல்லாம, போய்க்கிட்டே இருந்தோம். காவலாளி வந்து முதுகில் தட்டி, "யானையாரே, மண்டபத்தைப் பூட்டணும்" என்றபோதுதான் மற்ற எல்லாரும் போய்விட்டது தெரிந்தது.

ஆனாலும் அத்தான் சொன்ன சொல் தவறவில்லை. உன் கோபம் ஆறட்டும் என்று இப்போது என் வீட்டில்தான் இருக்கிறார். "இனி மாநாட்டுப் பக்கம் போகமாட்டேன்" என்று கைப்பட எழுதித் தந்ததை இத்துடன் வைத்திருக்கிறேன். ஞாயிறு மாலை வந்துவிடுவார். அவரை ஒன்றும் கேட்காதே.

மூத்தவள் நீ, திட்டாமல் ஆசீர்வதிக்கவும்.

உன் தங்கை

பி.கு.: உறையில் போடும்முன் அந்தத் தாளை ஒருமுறை படித்தேன். பள்ளிக்கூடத்தில் இம்போசிஷன் எழுதிய பிள்ளையின் கையெழுத்து. கிழித்துவிட்டேன். அடுத்த வருஷம் எங்களோடு ஒரு குட்டியும் நடந்தால் நன்றாயிருக்கும் என்கிறார் அத்தான். அவராக உன்னிடம் கேட்கப் பயப்படுகிறார். உன் தோள் அளவை எழுதி அனுப்பு.